வழிகாட்டியின் மனு

உபாத்தியாயத் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வரும் உபதொழில் ஒன்று உண்டு. ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் அது. செங்கற்பட்டில் நமது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சென்ற இருபது வருஷத்தில் நாம் எழுதிக் கொடுத்த மனுக்களையெல்லாம் கட்டி வைத்திருந்தால் ஒரு சிறு அலமாரி நிரம்பியிருக்கும். பட்டா மாற்றத்துக்கு மனு, விதவை உபகாரச் சம்பளத்துக்கு மனு, தெரு விளக்குக்கு மனு, அந்தத் தெரு விளக்கை வேறிடத்தில் நடக் கோரி எதிர்வீட்டுக்காரர் கொடுத்த எதிர் மனு. கடைசி இரண்டையும் எழுதியது நாமே. கூலி, சில சமயம் ஒரு கட்டு முருங்கைக் கீரை. பெரும்பாலும் ஒரு கும்பிடு. அந்த மனுக்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களிடம் பேச விரும்புகிறோம். 2021-ம் வருஷம் ஆடி மாதத்தில், மாமல்லபுரத்திலிருந்து வந்த ஒரு வழிகாட்டிக்காக அதை எழுதினோம்.

நமது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருஷம் ஒரு தடவை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்வது நமது வழக்கம். முதல் தடவை போனபோது, சரித்திரம் படித்த பட்டதாரி என்ற கர்வத்தில், எல்லாவற்றையும் நாமே விளக்கிவிடலாம் என்று நினைத்தோம். அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் நின்று பல்லவர் வம்சாவளியை நாம் சொல்லிக்கொண்டிருக்கையில், பிள்ளைகளில் பாதிப் பேர் மெல்ல நழுவிப் பக்கத்திலிருந்த வேறொரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே நடுத்தர வயதுள்ள ஒருவர், பாறையின் கீழ்ப்புறத்தில் முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் சில வெள்ளைக்காரர்களுக்குக் காட்டிப் பிரெஞ்சு பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாஷை ஒன்றும் புரியாமலே நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறு வருஷத்திலிருந்து நாம் வாயை மூடிக்கொண்டு அவரையே அமர்த்திக்கொண்டோம். பள்ளிப் பிள்ளைகள் என்றால் பாதிக் கூலிதான் வாங்குவார். பிரெஞ்சு அவர் வாலிபத்தில் புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தபோது காதால் கற்றது. ஆங்கிலமும் அப்படியே.

2019-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி நமது பிரதம மந்திரியும் சீனத்து ஜனாதிபதியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள் அல்லவா? அதையொட்டி ஊரே புதுப் பெண்போல் ஜோடித்துக்கொண்டது. பாதைகள் சீரடைந்தன, கோயில்களுக்கு விளக்குப் போட்டார்கள். அடுத்த மாதம் நாம் போனபோது நமது வழிகாட்டி, சீன பாஷையில் 'வாருங்கள்' என்றும் 'வந்தனம்' என்றும் சொல்லப் பழகிக்கொண்டிருந்தார். "இனிமேல் இந்த ஊருக்குப் பொற்காலந்தான், ஸார்!" என்றார். சில மாதம் கழித்து, 2020-ம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி, நோய்க்கு அஞ்சித் தேசம் முழுவதும் புராதனச் சின்னங்களின் கதவுகளைத் தொல்பொருள் இலாகா சாத்திவிட்டது.

கதவு சாத்தியதில் தவறில்லை, உயிர் பெரிது. ஆனால் கதவு திறந்த பிறகும் ஆள் வரவில்லை. 2019-ல் இந்தியாவுக்கு வந்த அயல்நாட்டுப் பிரயாணிகள் 1 கோடியே 9 லட்சம் பேர். 2020-ல் 27 லட்சம். அதிலும் பெரும்பாகம் நோய்க்கு முந்திய மாதங்களில் வந்தவர்கள். 2021-ல் சுமார் 15 லட்சம். சுற்றுலா இலாகாவே ஏற்பாடு செய்து, தேசியப் பிரயோகப் பொருளாதார ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய விசாரணையில், 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள மூன்று மாதத்தில் மட்டும் இந்தத் தொழிலில் 1 கோடியே 45 லட்சம் பேருக்கு வேலை போயிருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். அதற்கு முன் தொழிலில் இருந்தவர்களோ 3 கோடியே 48 லட்சம் பேர். கோடி, லட்சம் என்னும்போது நம் மனத்தில் ஒன்றும் பதிவதில்லை. நமது வழிகாட்டி முதல் ஆறு மாதம் கையிருப்பைத் தின்றார். அப்புறம் மனைவியின் நகையை வைத்துத் தின்றார். பிறகு திருக்கழுக்குன்றத்தில் ஒரு கட்டடத்தில் சுண்ணாம்படிக்கும் வேலைக்குப் போனார். இதை அவர் சொல்லி நாம் அறியவில்லை. நகத்தடியில் வெள்ளை இருந்ததைப் பார்த்துக் கேட்டோம்.

அந்த ஆடி மாதம் அவர் நம் திண்ணைக்கு வந்த காரணம் வேறு. 2021-ம் வருஷம் ஜூன் 28-ந் தேதி மத்திய நிதி மந்திரியார் ஒரு திட்டம் அறிவித்திருந்தார். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரையிலும், பிரயாண ஏற்பாடு செய்யும் ஸ்தாபனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும் கடன். கடனுக்கு முழு ஜாமீன் சர்க்காருடையது. வேறு ஈடு வேண்டியதில்லை. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியைக் கத்தரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார் நமது வழிகாட்டி. அதை எடுத்துக்கொண்டு ஒரு பாங்கிக்குப் போயிருக்கிறார். பாங்கி ஏஜெண்டு பொல்லாதவர் அல்லர். உட்காரச் சொல்லித்தான் பேசினார். முதற் கேள்வி, "அடையாள அட்டை எங்கே?" அட்டையின் கெடு 2020-லேயே முடிந்துவிட்டது, ஊரடங்கில் யார் போய் எங்கே புதுப்பிப்பது? இரண்டாவது கேள்வி, "சென்ற இரண்டு வருஷத்து வருமானத்துக்குக் கணக்கு எங்கே?"

"வருமானம் இல்லை என்பதற்காகத்தானே ஸார் கடன் கேட்கிறேன்?" என்றாராம் இவர்.

"வருமானம் இல்லாதவருக்குக் கடன் கொடுத்தால் எப்படித் திரும்பி வரும்?" என்றாராம் அவர்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயமே. தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கலாம். இடையில் அகப்பட்டவனுக்குப் பசி என்று பெயர். அன்றைக்கு அந்தத் திட்டம் 11,000-க்குச் சற்று மேற்பட்டவர்களுக்குப் பயன்படும் என்று அறிவித்திருந்தார்கள். வேலை போனவர்களின் கணக்கை முன் பத்தியில் சொல்லியிருக்கிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி நேயர்களை வேண்டுகிறோம்.

அவர் மட்டும் வரவில்லை. கூட மைத்துனரும் வந்திருந்தார். அவர் கல் சிற்பி. மாக்கல்லில் உள்ளங்கையளவு யானையும் பிள்ளையாரும் செதுக்கி ஐந்து ரதங்களுக்குப் போகும் வழியில் விற்றவர். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. ஊர்ப் பெயரை வேறு யாரும் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் அந்த மனிதருக்கு அட்டையும் கிடையாது, கெடு முடிவதற்கு. கடன் திட்டத்தின் வாசகத்தில் அவர் எந்த வரியிலும் இல்லை. அவர் திண்ணையில் உட்காரவும் இல்லை. தூணோரமாக நின்றுகொண்டே இருந்தார்.

இனி, பெரிய மனுக்களின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். நோய் தொடங்கிய மாதத்திலிருந்தே ஹோட்டல்காரர்கள் சங்கமும், பிரயாண ஏஜெண்டுகளின் சங்கங்களும், அவை எல்லாம் சேர்ந்த சம்மேளனமும் டில்லிக்கு மகஜர்மேல் மகஜராக அனுப்பின. கடன் தவணையை ஒத்திவைக்க வேண்டும், வரியை நிறுத்திவைக்க வேண்டும், சிப்பந்திகளுக்குச் சம்பளம் கொடுக்க உதவி வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் சில கிடைத்தன. தவணைகளை 2020 ஆகஸ்டு முடிய ஆறு மாதம் ரிஸர்வ் பாங்கி ஒத்திவைத்தது. சிறு தொழில்களுக்கென்று அவ்வருஷம் மே மாதம் ஏற்பட்ட 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் திட்டத்தில் ஹோட்டல்களையும் பிரயாணத் தொழிலையும் 2021 மார்ச்சு முடிவில் தனியாகச் சேர்த்தார்கள். 2022-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் அதே திட்டத்தின் தொகையை 50,000 கோடி உயர்த்தி, உயர்த்திய பாகம் முழுவதும் விருந்தோம்பல் தொழிலுக்கே என்று ஒதுக்கினார்கள். சிறு தொகை அல்ல. ஆனால் இவையெல்லாம் கடன். ஏற்கெனவே பாங்கியில் கணக்கு வைத்துக் கடன் வாங்கியிருப்பவர்களுக்கு மேற்கொண்டு கடன். சம்பள உதவி என்ற மூன்றாவது கோரிக்கை கிணற்றில் போட்ட கல்லாகவே இருந்துவிட்டது.

சர்க்கார் செய்த உதவிகளில் இரண்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 அக்டோபரில், மத்திய சர்க்கார் சிப்பந்திகள் குடும்பத்தோடு பிரயாணம் செய்வதற்காகப் பெறும் சலுகைப் பணத்தை, பிரயாணம் செய்யாமலே வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை. கட்டணத்தைப்போல் மூன்று மடங்கு தொகைக்கு, நூற்றுக்குப் பன்னிரண்டுக்குக் குறையாத வரியுள்ள சாமான்களையோ சேவைகளையோ வாங்கிக் காட்ட வேண்டும். ரயிலும் விமானமும் சரிவர ஓடாத காலத்தில் இது புத்திசாலித்தனமான யோசனைதான் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், பிரயாணத் தொழில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த வருஷத்தில், பிரயாணத்துக்கென்று இருந்த பணம் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கப் போயிற்று என்பதை நினைத்தால், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மற்றொன்று, முதலில் வரும் ஐந்து லட்சம் அயல்நாட்டாருக்கு விஸா இலவசம் என்ற அறிவிப்பு. வழிகாட்டிகளின் கடனைச் சொன்ன அதே ஜூன் 28-ந் தேதி இதையும் சொன்னார்கள். சலுகைக்குக் கெடு 2022 மார்ச்சு 31. சாதாரண விமானங்களில் வரும் பிரயாணிகளுக்கு விஸா கொடுக்கத் தொடங்கியதோ 2021 நவம்பர் 15-ந் தேதி! பந்தி போட்டிருக்கிறோம் என்று ஆனியில் சொல்லி, ஐப்பசி முடியும் தறுவாயில் கதவைத் திறந்து, பங்குனியில் இலையை எடுத்துவிட்டார்கள். இடையில் நோயின் மூன்றாவது அலை வேறு.

இங்கே நேயர்களில் ஒருவர் குறுக்கிட்டு, "நெசவாளிக்கும் விவசாயிக்கும் இல்லாத சலுகை, உல்லாசமாக ஊர் சுற்றுகிறவர்களை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு எதற்கு? ஹோட்டல் முதலாளிகள் நல்ல காலத்தில் சம்பாதித்ததில் நமக்கா பங்கு கொடுத்தார்கள்?" என்று கேட்கக் கூடும். நம் வீட்டிலேயே இப்படிக் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. முதலாளிகளின் மகஜர் எல்லாவற்றுக்கும் நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பிரயாணிகளைப் பராமரிப்பது ராஜாங்கத்தின் காரியமல்ல என்று நம் நாட்டில் யாரும் சொன்னதில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரத்தின் முன் நின்று பார்த்தவர்களுக்கு அது விளங்கும். வழிப்போக்கனுக்குச் சோறிடுவதைத் தர்மமாக நினைத்தார்கள். அதனாலேயே அரிசி விற்றவனும், விறகு கொண்டுவந்தவனும், வண்டி ஓட்டியவனும் பிழைத்தார்கள். சத்திரம் போய் ஹோட்டல் வந்தபின் தர்மம் வியாபாரமாயிற்று. போகட்டும். ஆனால் அரிசி விற்றவனும் வண்டிக்காரனும் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஹோட்டல் முதலாளிக்கு டில்லியில் பேசச் சங்கம் இருக்கிறது. இவர்களுக்கு நம் திண்ணைதான்.

சுதந்திரத்துக்கு முன்பே, 1945-ல், நம் நாட்டில் பிரயாணத் தொழிலை வளர்ப்பதைப் பற்றி யோசிக்க ஒரு கமிட்டி ஏற்பட்டது. அதற்குத் தலைவர், கல்வி ஆலோசகராக இருந்த ஸர் ஜான் ஸார்ஜெண்ட். முந்திய வருஷம் கல்வித் திட்டம் தயாரித்தவரும் இவரே. உபாத்தியாயர்கள் இதில் மூக்கை நுழைப்பது புதிதல்ல என்று காட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லி வைத்தோம். அதற்குப் பிறகு 1966-ல் மத்திய சர்க்கார் சுற்றுலா வளர்ச்சிக்குக் கார்ப்பொரேஷன் அமைத்தது. 1971-ல் நம் ராஜ்யமும் அமைத்தது. சுற்றுலாவை ஒரு 'தொழில்' என்று கேரளம் 1986-லேயே பிரகடனம் செய்தது; தமிழ்நாடு 2023-ல் வெளியிட்ட கொள்கையில் அந்த அந்தஸ்தைக் கொடுத்தது. தொழில் அந்தஸ்து என்றால் முக்கியமாகக் கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் மூலதனம் போடுகிறவர்களுக்கும் சலுகை. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூனை தவம் செய்வதைப் பிரெஞ்சில் சொல்லிச் சிரிக்கவைப்பதற்கு மின்சார விகிதத்தில் என்ன சலுகை கொடுப்பது?

இங்கிலாந்தில் அந்த நோய்க் காலத்தில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த சிப்பந்திகளுக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது வரை சர்க்கார் முதலாளி மூலம் கொடுத்தது. முதலாளியில்லாமல் தாமே தொழில் செய்கிறவர்களுக்கும் உதவித்தொகை கொடுத்தது. அது எப்படிச் சாத்தியமாயிற்று? பணம் அதிகம் என்பது பாதிக் காரணம். மற்றப் பாதி, அவர்களிடம் பட்டியல் இருந்தது. சம்பளப் பட்டியலும் வருமான வரிக் கணக்கும் வருஷந்தோறும் இலாகாவுக்குப் போய்ச் சேருகின்றன. யாருக்கு எவ்வளவு போயிற்று என்பது காகிதத்தில் இருக்கிறது. நம் வழிகாட்டிக்கு நாள்தோறும் முதலாளி மாறுகிறார். சிற்பிக்கு வாங்குகிறவனே முதலாளி. இவர்களுக்கு உதவ வேண்டும் என்று ஒரு மந்திரி மனப்பூர்வமாக நினைத்தாலும், எந்த விலாசத்துக்கு அனுப்புவார்?

ஆகவே, உதவி கேட்டு மகஜர் கொண்டுபோகும் சங்கத்தார் இனிமேல் முதலில் கேட்க வேண்டியது கடனும் அல்ல, வரிக் குறைப்பும் அல்ல. பட்டியல் என்பது நமது அபிப்பிராயம். நோய் வந்த பிறகு எழுதத் தொடங்கும் பட்டியல் அல்ல. ஊர் ஊராக, வழிகாட்டி, சிற்பி, படகுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், சங்கு மாலை விற்கும் பெண்பிள்ளை வரையில், கட்டணமின்றி எழுதி, வருஷந்தோறும் அந்த ஊரிலேயே புதுப்பிக்கும் பட்டியல். 2021 ஆகஸ்டு 26-ந் தேதி மத்திய சர்க்கார் அமைப்புச் சாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய 'ஈ-ஷ்ரம்' என்று ஒன்று ஏற்படுத்தியது உண்மை. கோடிக்கணக்கானவர்கள் பதிந்திருக்கிறார்கள்; நமது சிற்பியும் பதிந்துகொண்டார்; ஓர் எண் கிடைத்தது. எண் கிடைத்தது பாதி வேலை. தொழில் படுத்துவிட்டதென்று சர்க்கார் என்றைக்கு அறிவிக்கிறதோ, அன்றே அந்த எண்ணுக்கு மாதம் இவ்வளவு என்று போய்ச் சேரும்படி முன்கூட்டியே விதி செய்து வைப்பது மறு பாதி. வெள்ளம் வந்தால் இவ்வளவு, புயல் வந்தால் இவ்வளவு என்று நிவாரணத்துக்கு விதி இருக்கிறதே. ஆள் வராமல் போவதும் கடற்கரை ஊர்களுக்கு ஒரு புயல்தான்.

வரிக் குறைப்பை நாம் இகழவில்லை. நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு இருந்த விலக்கை 2022 ஜூலையில் நீக்கி நூற்றுக்குப் பன்னிரண்டு வரி போட்டபோது, ஏழை யாத்திரீகன் தலையிலும் கை வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி நூற்றுக்கு ஐந்தாகக் குறைந்திருக்கிறது. தாம் வாங்கும் சாமான்களுக்குக் கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாதென்று ஹோட்டல்காரர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இருக்கலாம். குடும்பத்தோடு போகிறவனுக்கு நல்லதே. ஆட்கள் வந்தால் வழிகாட்டிக்கும் நல்லதே. ஆள் வராத காலத்துக்குத்தான் இது உதவாது.

மனுவுக்கு வருவோம். அன்று சாயங்காலம் மூன்று பேருமாக உட்கார்ந்து எழுதினோம். சிற்பியையும் ஒருவாறு திண்ணையில் உட்காரவைத்துவிட்டோம். கடன் வேண்டாம், கெடு முடிந்த அட்டையைக் கட்டணமின்றிப் புதுப்பித்துத் தர வேண்டும், பிரயாணிகள் திரும்ப வரும் வரையில் மாதம் ஒரு சிறு தொகை, அந்தத் தொகை சிற்பிகளுக்கும். அவ்வளவே. வழக்கம்போல, "சமூகத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்திருந்தோம். வழிகாட்டி அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"ஸார், 'கெஞ்சி' என்பதை எடுத்துவிடலாமா?" என்றார்.

"எல்லா மனுவிலும் அப்படித்தான் எழுதுவது வழக்கம்."

"வழக்கந்தான் ஸார். முப்பது வருஷமாக வெளிதேசத்தாருக்கு இந்த ஊரைக் காட்டியிருக்கிறேன். அவர்களில் ஒருவரிடமாவது கெஞ்சினதில்லை. எடுத்துவிட்டால் காரியம் கெட்டுப் போகுமா?"

கெட்டுப் போகாது என்று சொல்லி எடுத்துவிட்டோம். அதற்கு முன் எழுதிய அத்தனை மனுக்களிலும் அந்தச் சொல்லை நாம் எவ்வளவு அலட்சியமாகப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

2022-ம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது ஊர் மறுபடி ஜோடித்துக்கொண்டது. வெளிதேசத்தார் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். 2024-ல் தேசம் முழுவதற்கும் வந்தவர்கள் ஏறக்குறைய 1 கோடி. 2019-ம் வருஷத்துக் கணக்கை அப்போதும் எட்டவில்லை. நம் வழிகாட்டியும் சுண்ணாம்பு மட்டையை வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். அட்டையைத் தாமே கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டார். மகனுக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லுவார். பையன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறான். "மாதம் முதல் தேதி சம்பளம் வருகிறது, ஸார்" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

சென்ற மார்கழியில் பிள்ளைகளோடு போயிருந்தோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பூனையைப் பார்த்துவிட்டு, "அந்த எலிகளுக்குக் கடைசியில் என்ன ஆச்சு?" என்று கேட்டான். "சிற்பி அதற்குமேல் செதுக்கவில்லை, தம்பி" என்றார் வழிகாட்டி. பிள்ளைகள் வெண்ணெய் உருண்டைப் பாறையைப் பார்க்க ஓடினார்கள். மர நிழலில் உட்கார்ந்ததும், மனுவுக்குப் பதில் ஏதாவது வந்ததா என்று கேட்டோம். அடையாள அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். மனு கிடைத்தது என்றும், உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்றும் அதில் இரண்டு வரி இருந்தன. தேதியைப் பார்த்தோம், மனு அனுப்பிய பதினோராவது மாதம். படித்து முடித்ததும் கையை நீட்டி வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.